ஒரு கத்தி போதும் (அத்தியாயம் 16)

"கண்ணை மூடிக்கிட்டேன். சொல்லுங்க."

மாவு மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசின் மேல் அவள் நின்றாள். காலை ஐந்து மணி. பேக்கரியின் பின்னறையில் முதல் ஈடு ரொட்டி அடுப்புக்குள் போயிருந்தது. சுவரெல்லாம் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கணவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எழுபத்தெட்டு அறுநூறு."

"சரியா பாருங்க."

"சரியாத்தான்மா பாக்குறேன். எழுபத்தெட்டு கிலோ, அறுநூறு கிராம்."

அவள் கண்ணைத் திறந்து இறங்கினாள். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் இதே தராசு நூற்றியொரு கிலோ காட்டியது. அன்றிலிருந்து அவள் அந்த முள்ளின் முகத்தில் விழிப்பதில்லை. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அவர் வாயால் வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"போன வாரமும் இதேதானே சொன்னீங்க?"

"நூறு கிராம் குறைஞ்சிருக்கு."

"இன்னிக்குப் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். எழுபத்தேழுக்குக் கீழே இருந்தாத்தான் பேச்சே."

அவர் கையிலிருந்த மாவைத் தட்டினார். மெலிந்த மனிதர். பேக்கரிக்காரர் என்று சொன்னால் புதிதாகப் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

"தள்ளிப் போட்டுடேன். ஒரு போன் பண்ணிச் சொன்னா வேற தேதி கொடுப்பாங்க."

"வேற தேதின்னா மூணு மாசம் கழிச்சு."

"மூணு மாசம்தானே" என்றபடி அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தத் தொடரை இடையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அவள் ஒரு டாக்ஸி கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிறாள். போன் எடுப்பாள், எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று மைக்கில் சொல்வாள். நாற்பது டிரைவர்களுக்கும் அவள் கன்ட்ரோல் அக்கா.

அவளுடைய ஒரே தம்பி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஊருக்கே மாஸ்டர். சின்ன வயதில் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தவன் அவன். உட்கார்ந்த இடத்தில் இருந்தே அவனை ஏவியவள் அவள். அப்படிப்பட்டவனுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் இரண்டு கிட்னியும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், ரத்தம் சுத்தம் செய்கிற மிஷினோடு படுத்திருக்கிறான்.

தம்பி மனைவிக்குச் சர்க்கரை. அவளால் கொடுக்க முடியாது. அக்காவின் ரத்தம் பொருந்தியது. ஆனால் நூற்றியொரு கிலோ உடம்பிலிருந்து ஒரு கிட்னியை எடுக்க மாட்டோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுபத்தேழுக்குக் கீழே வந்தால் பார்க்கலாம். சீக்கிரம் குறைய வேண்டுமானால் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் இருக்கிறது என்றும் சொன்னார்.

அன்று அவள் சொன்ன பதில் வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

"என் உடம்புல ஒரு கத்தி போதும் டாக்டர். அது அவனுக்காகப் படட்டும். இதை நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு வந்து தம்பி முன்னால் உட்கார்ந்து அழுதாள். "பத்து மணி நேரம் ஷிப்ட். வீட்டு வேலை வேற. எனக்கு ஏதுடா நேரம்?"

"நான் உன்கிட்ட ஒரு மணி நேரம் கேக்கல அக்கா. பத்து நிமிஷம் கேக்குறேன். அதையே ஆறு தடவை கேக்குறேன்."

மிஷினில் படுத்துக்கொண்டே அவன் அவளுக்கு மாஸ்டர் ஆனான். போன் பேசும்போது உட்காரக் கூடாது. டைப் அடிக்கும்போது மட்டும் நாற்காலி. கம்பெனியில் சொல்லி ஒயர் இல்லாத ஹெட்செட் வாங்க வைத்தான். ஜன்னலிலிருந்து பீரோ வரைக்கும் பதினொரு அடி. அவள் தினமும் அங்கே பேசிக்கொண்டே நடந்து, தரையில் ஒரு தடமே விழுந்துவிட்டது. கன்ட்ரோல் ரூம் இருக்கிற மூன்றாம் மாடிக்கு லிப்ட் கிடையாது, படிதான். டிபனுக்குத் தட்டு போய்ச் சின்னக் கிண்ணம் வந்தது. கணவர் மிச்ச பன்னை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்தினார்.

டிரைவர்களுக்கும் உத்தரவு போட்டாள். கம்பெனி வண்டி எதுவும் அவளை ஏற்றக் கூடாது. கெஞ்சினாலும் ஏற்றக் கூடாது.

ஒரு நாள் நல்ல மழை. ஏழாம் நம்பர் வண்டி அவள் பக்கத்திலேயே நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. டிரைவர் ஏறச் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் குடையை மட்டும் நீட்டினார்.

அப்படிக் குறைந்த உடம்பு, இரண்டு மாதமாக எழுபத்தெட்டைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது.

\*

கன்ட்ரோல் ரூமில் ஒன்பது மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்ந்தது. ஆஸ்பத்திரி நம்பரைப் பாதி அழுத்திவிட்டு வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

மைக் கரகரத்தது.

"கன்ட்ரோல், மூணாம் நம்பர். பத்து மணிக்குக் கிளம்புறீங்கதானே?"

மூணாம் நம்பர்தான் கம்பெனியில் மூத்த டிரைவர். அவரிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"கிளம்பலண்ணே. தள்ளிப் போடலாம்னு இருக்கேன்."



"ஏன்?"

"ஒன்றரைக் கிலோ அதிகமா இருக்கு."

"கன்ட்ரோல், இருபத்திரண்டாம் நம்பர்" என்று இன்னொரு குரல் நடுவில் புகுந்தது. "அந்த ஒன்றரைக் கிலோவை எனக்குக் குடுத்துட்டுப் போங்கக்கா. எங்க வீட்ல என்னை ஒல்லின்னு சொல்றாங்க."

நாலைந்து வண்டிகளில் சிரிப்பு கேட்டது. மூணாம் நம்பர் சிரிக்கவில்லை.

"கன்ட்ரோல், ஒண்ணு சொல்லவா? நாற்பது வண்டி ஓடுற கம்பெனி இது. பதினாலு மாசமா ஒருத்தனும் உங்களை ஏத்தல. காலி சீட்டை வச்சுக்கிட்டு உங்களைத் தாண்டிப் போறது எங்களுக்கு லேசா இருந்துச்சுன்னு நினைக்கிறீங்களா? என் சம்சாரம் பாத்துட்டு, நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டா. வாங்கிக் கட்டிக்கிட்டேன். இப்பப் போகலைன்னா எப்படி? போய் நில்லுங்க. இல்லேன்னு சொன்னா, சொல்லட்டும். அதை அவங்க வாயால கேட்டுட்டு வாங்க."

அவள் போனைக் கீழே வைத்தாள்.

"சரிண்ணே."

"எப்படிப் போறீங்க?"

"நடந்துதான்."

"அது!" என்றார் மூணாம் நம்பர்.

ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிட நடை. முதல் தடவை நடந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. மூன்று பெஞ்சுகளில் உட்கார்ந்து எழுந்தாள். நாலாவது பெஞ்சில் ஒருவர் முழுதாகப் படுத்திருந்ததால் அதில் உட்காரவில்லை. இன்று எந்தப் பெஞ்சும் அவள் கண்ணில் படவில்லை.

\*

எடை பார்க்கும் அறையில் நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிறுக்கத்தானே நிக்குறீங்க? ஏன் கண்ணை மூடிக்கிட்டு இருக்கீங்க?"

"பழக்கம் சிஸ்டர். நீங்க சொல்லுங்க."

"எழுபத்தாறு புள்ளி ரெண்டு."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"எழுபத்தாறு புள்ளி ரெண்டு. இதோ, நீங்களே பாருங்க."

சிவப்பு எண்கள் அசையாமல் எரிந்தன. அவள் இறங்கினாள். மறுபடி ஏறினாள். அதே எண்.

"மிஷின் சரியா இருக்கா?"

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளை இறக்கிவிட்டுத் தானே ஏறி நின்றாள். "ஐம்பத்தெட்டு. நேத்தும் ஐம்பத்தெட்டு. என் எடை எனக்குத் தெரியாதா? கூடக் குறைய காட்டுற மிஷினை இங்க யாரும் வச்சிருக்க மாட்டாங்க."

டாக்டர் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். எழுபத்தேழு என்று சொன்ன அதே டாக்டரம்மா ஒருவர், புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர். இளைஞர் பைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இருபத்தஞ்சு கிலோவா? ஆபரேஷன் எங்க பண்ணிக்கிட்டீங்க?"

"பண்ணிக்கல."

"ஊசி, மாத்திரை ஏதாவது?"

"இல்ல."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"டாக்ஸி அனுப்பினேன்."

இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ரத்த அழுத்தத்தைப் பார்த்தார்; பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மேஜையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இந்த நாற்காலியில உக்காந்து நிறையப் பேர்கிட்ட எடையைக் குறைச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன். பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டாங்க. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது. நீங்க வந்துட்டீங்க. அதுவும் முன்னால போட்டுக்கிட்டிருந்த பிரஷர் மாத்திரைகூட தேவைப்படாம வந்திருக்கீங்க. இனிமே உங்களைக் கொடையாளின்னே எழுதிக்கிறேன்."

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"இன்னும் ரெண்டு மூணு டெஸ்ட் இருக்கு. அதுக்கு முன்னால உங்க வீட்டுக்காரர் வந்து எங்க ஆலோசகரோட தனியாப் பேசணும். அவருக்குச் சம்மதம் இல்லாம இங்க எதுவும் நகராது. இன்னிக்கு நாலு மணி வரைக்கும் அவங்க இருப்பாங்க. விட்டா ரெண்டு வாரம் லீவு."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் பத்தடி நடந்த பிறகுதான் கால் நின்றது.

காலையில் எழுபத்தெட்டு அறுநூறு. இப்போது எழுபத்தாறு இருநூறு. ஆறு மணி நேரத்தில் எந்த உடம்பும் இரண்டரைக் கிலோ கரையாது.

அந்தத் தராசு தப்புச் சொல்லாது. அதை நம்பித்தான் அவர் மாவு வாங்குகிறார். அவர் கண்ணும் கெட்டுப்போகவில்லை. ஒரு ஸ்பூன் ஈஸ்ட் குறைந்தாலும் பிசையும்போதே கண்டுபிடிக்கிற மனிதர்.

அவள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

\*

கீழ்த்தளத்தில் மாஸ்டர் படுத்திருந்தான். நீளமான அறை, ஒன்பது கட்டில், ஒன்பது மிஷின். எல்லாருடைய இடது கையிலும் குழாய்.

"என்ன ஆச்சுக்கா?" என்று தலையைத் தூக்கினான். முகம் உப்பியிருந்தது. குரல் மட்டும் மைதானத்துக் குரலாகவே இருந்தது.

"எழுபத்தாறு புள்ளி ரெண்டு."

"இன்னொரு தடவை சொல்லு."

"எழுபத்தாறு புள்ளி ரெண்டுடா. டாக்டரம்மா கொடையாளின்னு எழுதிட்டாங்க."

அவன் கண்ணை இறுக்கி மூடினான். திறந்தபோது விசில் ஊதப்போகிறவன் போல மூச்சை இழுத்தான்.

"எல்லாரும் இங்க பாருங்க! இது எங்க அக்கா. நூத்தியொண்ணு இருந்தா. இப்ப எழுபத்தாறு. வயித்துல கத்தி வைக்கல, மாத்திரை போடல. போன் பேசிக்கிட்டே நடந்தா. எங்க அக்கா!"

"சும்மா இருடா, ஆஸ்பத்திரி."

யாரும் சும்மா இருக்கவில்லை. கைதட்ட அங்கே ஒருவருக்கும் இரண்டு கை இல்லை. மூலைக் கட்டிலில் இருந்த வயதானவர் வலது கையால் கட்டில் கம்பியைத் தட்டத் தொடங்கினார். அடுத்த கட்டிலும் தட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒன்பது கம்பிகளும் ஒலித்தன. நர்ஸ் ஓடிவந்து என்ன என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் மருந்துத் தட்டை ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் வாழ்க்கையில் அதுவரை யாரும் அவள் உடம்பைப் பார்த்துக் கைதட்டியதில்லை. சிரித்திருக்கிறார்கள், பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொள்ளத்தான் அவளுக்குப் பழக்கம். இன்று குனியத் தோன்றவில்லை. சத்தம் அடங்கும்வரை அறையின் நடுவில் நிமிர்ந்து நின்றாள்.

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினான்.

"காலையில மாமா எனக்கு மெசேஜ் போட்டாரு. எழுபத்தெட்டரை, நீ இன்னிக்கு வர மாட்டேன்னு."

"தராசு பழசுடா."

"பழைய தராசு ஒரு நாள் கூடவும் காட்டும், ஒரு நாள் குறைச்சும் காட்டும். இது எப்பவும் ஒரு பக்கமே காட்டுதே."

 அவன் குழாய் குத்தாத கையால் அவள் விரலைப் பிடித்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்டுக்கோ. மாமா மனசில்லாம ஒரு கையெழுத்துப் போட்டா, அது எனக்கு வேண்டாம். உன் வீட்டை ரெண்டாக்கி எனக்கு ஒரு கிட்னி வேண்டாம். இந்த மிஷின் எனக்குப் பழகிடுச்சு."

"பழகிடுச்சாம். மூஞ்சியப் பாரு."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தால், ஜெயித்த பந்தயத்தையே மறுபடி ஓட வைக்கிறவன் அவன்.

\*

மதியம் இரண்டரைக்குப் பேக்கரிக்கு வந்தாள். கடையில் கூட்டமில்லை. கல்லாவில் இருந்த பெண் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச வாயெடுத்ததை நிறுத்திக்கொண்டாள்.

பின்னறையில் அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

"எழுபத்தாறு இருநூறு" என்றாள்.

பிசைந்த கை மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"போனியா?"

"போனேன். நீங்க சொன்ன மாதிரி தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? மூணு மாசம். வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், அவன் கையில ஊசி. அதை யோசிச்சீங்களா?"

அவர் மாவிலிருந்து கையை இழுத்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"கண்ணை மூடிக்கிட்டு நின்னேனே! உங்களை நம்பித்தானே மூடினேன்?"

அவர் கையைக் கழுவினார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாவு வைக்கும் சின்ன அறையின் கதவைத் திறந்து, உள்பக்கத்தைக் காட்டினார்.

பென்சில் எழுத்து. தேதியும் எடையும். நூற்றியொன்றில் தொடங்கி ஒரு வாரம்கூட விடாமல் கீழே இறங்கி வந்திருந்தது. எழுபத்தெட்டு. எழுபத்தேழு ஐந்நூறு. எழுபத்தேழு நூறு. அதற்கும் கீழே எழுபத்தாறு எண்ணூறு; அதன் அடியில் மட்டும் இரண்டு கோடு இழுத்திருந்தது. கடைசியாக இன்றைய தேதி: எழுபத்தாறு முந்நூறு.

"இது எதுக்கு?"

"உன்கிட்ட பொய் சொன்னேன். எழுதும்போது பொய் எழுத வரல."

"இந்தக் கோடு?"

"அன்னிக்குத்தான் எழுபத்தேழுக்குக் கீழே போன. ரெண்டு வாரம் ஆச்சு. யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. என் பொண்டாட்டி பண்ணிட்டாய்யான்னு கடையில கத்தணும் போல இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல முடியல. இந்தக் கதவுக்குப் பின்னால நின்னு அழுதேன்."

"இவ்வளவு பெருமைப்பட்டவர் பண்ற வேலையா இது?"

"பயம்மா." அவர் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஆபரேஷன் பத்தி டாக்டர் எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாங்களே, ஆயிரத்துல ஒருத்தருக்கு ஏதோ ஆகலாம்னு? மத்தது எதுவும் என் காதுல ஏறல. அந்த ஒருத்தர் மட்டும் ஏறினாரு. நீ நூத்தியொண்ணா இருந்தப்ப எனக்குப் பயமே இல்ல. இவ எங்க குறைக்கப் போறான்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோ, அப்படித்தான் நினைச்சேன். நீ ஒவ்வொரு கிலோவா குறையக் குறைய, அந்த ஆபரேஷன் மேஜை பக்கத்துல வந்துக்கிட்டே இருந்துச்சு."

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் குறையவில்லை. ஆனால் அந்தப் பென்சில் வரிசையின் மேல் விரலை வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய படிகளை முதல் முறையாக மேலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

"எனக்கும் பயம் இருக்குங்க" என்றாள். "பயத்தோடதான் நடந்தேன். நான் உங்களைக் கெஞ்ச மாட்டேன். ஆலோசகர் நாலு மணி வரைக்கும் இருப்பாங்க. உங்ககிட்ட தனியாப் பேசணுமாம். மனசு இருந்தா வாங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லவாவது அங்க வந்து சொல்லுங்க. பொய்யா கையெழுத்து மட்டும் போடாதீங்க. அவனுக்கும் அது வேண்டாமாம்."

சொல்லிவிட்டு நடந்தாள்.

தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஏப்ரனைக் கழற்ற மறந்து ஓடிவந்திருந்தார். மூச்சிரைத்தது.

"மெதுவாப் போயேன்."

"நாலு மணிக்குள்ள போகணும்."

அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு அடி பின்னால், மூன்று அடி பின்னால் என்று அவர் விழுந்துகொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து, எங்கே போனாலும் அவர்தான் முன்னால் போய் நின்று இவளுக்காகத் திரும்பிப் பார்ப்பார்.

பின்னாலிருந்து கம்பெனி வண்டி ஒன்று வந்தது. பதினேழாம் நம்பர். அவர் கையைக் காட்டினார். வண்டி வேகம் குறைந்தது. டிரைவர் அக்காவைப் பார்த்தார், ஏப்ரன் கட்டிய கணவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். அக்கா கூட வர்றவங்களை ஏத்தலாமான்னு உத்தரவுல தெளிவா இல்ல."

வண்டி போய்விட்டது. அவர் நடுரோட்டில் நின்று அதையே பார்த்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் பார்க்காதபடி திரும்பிக்கொண்டாள்.

மூன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரிப் படி ஏறினார்கள்.

\*

"சார் மட்டும் உள்ள வாங்க" என்றார் ஆலோசகர். நடுத்தர வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடி. கதவு மூடிக்கொண்டது.

அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் ஆனது. எழுந்து நடந்தாள். பெஞ்சிலிருந்து ஜன்னல் வரைக்கும் பதினாறு அடி. நாலு மணி அடித்தது. கதவு திறக்கவில்லை. ஒரு நர்ஸ் தட்டோடு உள்ளே போய்விட்டு உடனே வெளியே வந்தாள். என்ன ஏது என்று கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

நாலேகாலுக்கு அவர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"போட்டுட்டேன்" என்றார். "மனசோட போட்டேன்."

அவளுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"உங்க மனைவியை யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு கேட்டாங்க. சிரிச்சுட்டேன். பதினாலு மாசமா தினமும் ரெண்டு தடவை என் கடை வாசல்ல நடந்து போறா மேடம், அப்பத்தான் அடுப்புல இருந்து பன் எடுத்து வச்சிருப்பேன், வாசனை தெருமுனை வரைக்கும் போகும், ஒரு நாள்கூட அதுக்காக உள்ள வரல, அவளைக் கட்டாயப்படுத்த உலகத்துல ஆள் கிடையாதுன்னு சொன்னேன். அந்தம்மா எழுதுறதை நிறுத்திட்டாங்க."

அவள் அவரைப் பார்த்தாள். மடித்துவிட்ட சட்டைக் கையின் கீழே, முழங்கை மடிப்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"ரத்தம் எடுத்தாங்க."

"எதுக்கு?"

அவர் பஞ்சின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நான் கேட்டிருக்கணும். உனக்கு என்ன ஆகுமோன்னு மட்டும்தான் பயந்தேன்னு சொன்னா அதுவும் பொய். என்னைக் கேட்டுடுவாங்களோன்னும் பயந்தேன். இன்னிக்கு உன் பின்னால ஓடி வரும்போது வெக்கமா இருந்துச்சு. மாப்பிள்ளைக்கு வேண்டியது ஒரு கிட்னிதானே? என்னுது பொருந்துதான்னு முதல்ல பாருங்கன்னு கேட்டுட்டேன்."

 அவளுக்குக் கோபம் வந்தது.

"நல்லா இருக்கே! பதினாலு மாசம் நடந்தது நானு. கடைசி நாள் வந்து நீங்க தட்டிக்கிட்டுப் போவீங்களா? அவன் என் தம்பி!"

"எனக்கு மட்டும் யாரு? கல்யாணத்துல என் பக்கத்துல நின்ன பையன்."

"பஞ்சை அழுத்திப் பிடிங்க முதல்ல. கசியுது பாருங்க." அவர் பிடித்த லட்சணம் பிடிக்காமல் அவளே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். மாவு வாசனை வந்தது. காலையில் அவர் பொய் சொன்னபோதும் இதே வாசனைதான். இப்போது அது வேறு மனிதரிடமிருந்து வருவது போல் இருந்தது.

ஆலோசகர் கைப்பையை மாட்டிக்கொண்டு அறையைப் பூட்டினார். இரண்டு பேரையும் பார்த்து நின்றார்.

"நான் லீவுல போறேன். ஆனா சாரோட ரிசல்ட் வியாழக்கிழமை வந்துடும். பொருந்திச்சுன்னா ரெண்டு பேரும் டாக்டரம்மாவைப் பாருங்க. யார் கொடுக்கப் போறீங்கன்னு அன்னிக்கு உக்காந்து பேசி முடிவு பண்ணலாம்."

"இதுல பேச என்ன இருக்கு? நான்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.